டிப்ஸ்: மிச்சக் காசும் சம்பளக் கணக்கும்

உணவகத்தில் சாப்பிட்டு முடித்தபின், பில்லுக்கு மேல் பரிமாறியவருக்குக் கொடுக்கும் பணம் டிப்ஸ். விலைப்பட்டியலில் அது இருக்காது, சட்டம் அதைக் கேட்காது, ரசீதும் கிடையாது. ஆனாலும் பல நாடுகளில் லட்சக்கணக்கான குடும்பங்கள் வாடகையும் பள்ளிக் கட்டணமும் கட்டுவது இந்தப் பணத்தில்தான். எவ்வளவு வைப்பது, யார் கையில் கொடுப்பது, கொடுக்காமல் எழுந்து போனால் மரியாதைக் குறைவா என்பவை பண்பாடு சார்ந்த கேள்விகள். அந்தப் பணம் கடைசியில் யாரிடம் போய்ச் சேர்கிறது, அதனால் தொழிலாளியின் வருமானம் கூடுகிறதா, முதலாளியின் செலவு குறைகிறதா என்பவை பொருளாதாரக் கேள்விகள். பின்னதற்கு விடை தெரியாமல் முன்னதற்கு விடை சொல்ல முடியாது. சம்பளம் முழுதாகக் கிடைக்கும் ஊரில் டிப்ஸ் ஓர் அன்பளிப்பு. சம்பளத்திலேயே துண்டு விழும் ஊரில் அது முதலாளி கொடுக்காமல் வாடிக்கையாளர் தலையில் ஏற்றிவிட்ட கூலி பாக்கி.

வேலையாட்களின் காசு

இந்த வழக்கம் உணவகத்தில் பிறந்ததல்ல. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பெரிய மனிதர் வீட்டு விருந்துக்குப் போனவர்கள், புறப்படும்போது வாசலில் வரிசைகட்டி நிற்கும் வேலையாட்கள் ஒவ்வொருவருக்கும் காசு கொடுத்துவிட்டுத்தான் வண்டியேற முடியும். விருந்தாளிக்கு இது பெருஞ்செலவு. வீட்டுக்காரருக்கோ வேலையாளின் சம்பளத்தைக் குறைத்துக்கொள்ள ஒரு வழி. இந்தப் பழக்கத்தை ஒழிக்க வேண்டுமென்று 1760-களில் ஜோனஸ் ஹான்வே போன்றவர்கள் எழுதினார்கள். சில பிரபுக்கள் தங்கள் வீட்டில் காசு வாங்கக் கூடாதென்று தடை போட்டார்கள். வருமானம் போகிறதே என்று லண்டன் வேலையாட்கள் 1764-ல் கலகம் செய்தார்கள். டிப்ஸை ஒழிக்க நினைத்தவர்கள் இன்றுவரை முட்டிக்கொள்ளும் சிக்கல் அனைத்தும் அந்த ஒரு சச்சரவிலேயே இருந்தது. கொடுப்பவருக்குப் பாரம், வாங்குபவருக்குப் பிழைப்பு, நடுவில் இருப்பவருக்கு லாபம்.

அமெரிக்காவுக்கு இந்தப் பழக்கம் ஐரோப்பாவிலிருந்து போனது. உள்நாட்டுப் போருக்குப் பிறகு ஐரோப்பாவைச் சுற்றிப் பார்த்துத் திரும்பிய பணக்காரர்கள் அதைக் கொண்டுவந்தார்கள். மன்னரும் பிரபுவும் இல்லாத குடியரசில் ஒரு குடிமகன் இன்னொரு குடிமகனிடம் கை நீட்டுவதா என்று பலர் கொதித்தார்கள். வாஷிங்டன் மாநிலம் 1909-ல் டிப்ஸைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. ஐயோவா, தென் கரோலினா, டென்னசி முதலான மாநிலங்கள் அதைப் பின்பற்றின. 1916-ல் வில்லியம் ஸ்காட் என்பவர் டிப்ஸைக் கண்டித்து ஒரு புத்தகமே எழுதினார். ஆனால் 1926-க்குள் அந்தச் சட்டங்கள் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

மிஞ்சாமல் போனதற்குக் காரணம் உண்டு. அதற்குள் டிப்ஸை நம்பியே பெரிய தொழில்கள் எழுந்து நின்றுவிட்டன. அவற்றில் முதன்மையானது புல்மன் கம்பெனி. ரயிலில் படுக்கை வசதியுள்ள பெட்டிகளை ஓட்டிய அந்த நிறுவனம், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களைப் போர்ட்டர்களாக வேலைக்கு எடுத்தது. படுக்கை விரிப்பதும் ஷூ துடைப்பதும் இரவு முழுக்கக் கண்விழித்துப் பயணிகளின் அழைப்புக்கு ஓடுவதும் அவர்கள் வேலை. 1915-ல் தொழிலுறவு ஆணையம் விசாரித்தபோது ஒரு போர்ட்டரின் மாதச் சம்பளம் 27.50 டாலர் என்பது வெளிவந்தது. மிச்சத்தைப் பயணிகள் கொடுக்க வேண்டும். ஆணையத்தின் முன் கம்பெனியின் சார்பில் சாட்சி சொன்னவர்களில் ஒருவர் ராபர்ட் டாட் லிங்கன். அடிமை முறைக்கு முடிவுகட்டிய ஆபிரகாம் லிங்கனின் மகன், அந்தக் கம்பெனியின் முன்னாள் தலைவர். போர்ட்டர்கள் 1925-ல் ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் சங்கம் அமைத்தார்கள். கம்பெனியோடு அவர்கள் ஊதிய ஒப்பந்தம் போட 1937 வரை போராட வேண்டியிருந்தது. டிப்ஸை நம்பிப் பிழைப்பதை விட்டு மாதச் சம்பளத்தில் வாழ வேண்டும் என்பது அந்தப் போராட்டத்தின் முக்கியமான கோரிக்கைகளில் ஒன்று.

இரண்டு டாலர் பதின்மூன்று சென்ட்

அமெரிக்காவின் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் 1938-ல் வந்தது. மணிக்கு 25 சென்ட். உணவகத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் அதன் வரம்புக்குள் வரவில்லை. 1966-ல் சட்டம் திருத்தப்பட்டு உணவகங்களும் ஹோட்டல்களும் உள்ளே கொண்டுவரப்பட்டன. ஆனால் கூடவே ஒரு சலுகையும் வந்தது: தொழிலாளிக்குக் கிடைக்கும் டிப்ஸை, குறைந்தபட்ச ஊதியத்தில் பாதி வரைக்கும் முதலாளி தன் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். 1991-ல் குறைந்தபட்ச ஊதியம் 4.25 டாலர் ஆனபோது, டிப்ஸ் வாங்கும் தொழிலாளிக்கு முதலாளி கொடுக்க வேண்டிய தொகை மணிக்கு 2.13 டாலர் ஆனது. 1996-ல் நாடாளுமன்றம் பொது ஊதியத்தை உயர்த்தியது, 2.13-ஐ அப்படியே நிறுத்திவைத்தது. பொது ஊதியம் 2009 ஜூலையில் 7.25 டாலருக்கு உயர்ந்தது. 2.13 மட்டும் 1991-ல் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

இந்தக் கணக்கை ஒரு வாரத்துக்குப் போட்டுப் பார்த்தால் டிப்ஸின் உண்மை முகம் தெரியும். வாரத்துக்கு 40 மணி நேரம் வேலை பார்க்கும் ஒரு பெண் சர்வர். சட்டப்படி அவருக்குச் சேர வேண்டிய குறைந்தபட்சக் கூலி 290 டாலர். முதலாளி தன் பணத்திலிருந்து கொடுப்பது 85 டாலர் 20 சென்ட். இடையில் விழும் 204 டாலர் 80 சென்ட்டை மேசையில் உட்காருபவர்கள் நிரப்ப வேண்டும். அதாவது அந்த வாரம் அவருக்குக் கிடைக்கும் டிப்ஸில் முதல் 204 டாலர் 80 சென்ட், சட்டம் உறுதிசெய்த கூலிக்கு மேல் ஒரு சென்ட்கூட அவருக்குச் சேர்ப்பதில்லை. முதலாளியின் பொறுப்பைத்தான் குறைக்கிறது. அதைத் தாண்டி வருவதே அவருக்கான உபரி. வாடிக்கையாளர் கனிவோடு மேசையில் வைக்கும் பணத்தில் ஒரு பெரும்பகுதி முதலாளிக்குக் கொடுக்கும் மானியம் என்பதை அமெரிக்காவிலேயே பலர் உணர்வதில்லை.

டிப்ஸ் போதாமல் மணிக்கூலி 7.25-க்குக் கீழே இறங்கினால் முதலாளி குறையை ஈடுகட்ட வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறை வேறு. அமெரிக்கத் தொழிலாளர் துறை 2010 முதல் 2012 வரை ஏறக்குறைய 9,000 உணவகங்களைச் சோதித்தபோது, சுமார் 84 சதவீத இடங்களில் ஏதேனும் ஓர் ஊதிய விதிமீறல் இருந்தது. எந்த வாரம் எவ்வளவு டிப்ஸ் வந்தது என்று எழுதிவைத்து, குறைந்த பணத்தை முதலாளியிடம் கேட்டு வாங்குவது, அடுத்த வாரம் நல்ல ஷிஃப்ட் கிடைக்க வேண்டுமே என்று அஞ்சும் தொழிலாளிக்கு எளிதல்ல.

கலிஃபோர்னியா, நெவாடா, ஓரிகன், வாஷிங்டன், அலாஸ்கா, மொன்டானா, மின்னசோட்டா ஆகிய 7 மாநிலங்கள், டிப்ஸைக் கூலியில் கழித்துக்கொள்ளும் இந்தக் கழிவை நெடுங்காலமாக அனுமதிப்பதில்லை. அங்கே முழுக் குறைந்தபட்ச ஊதியத்தையும் முதலாளி கொடுக்க வேண்டும். டிப்ஸ் அதற்கு மேல். அங்கும் உணவகங்கள் நடக்கின்றன, அங்கும் மக்கள் டிப்ஸ் கொடுக்கிறார்கள். சம்பளத்தை முழுதாகக் கொடுத்தால் உணவகத் தொழிலே படுத்துவிடும் என்ற வாதத்துக்கு இதைவிட நேரான பதில் இல்லை. இருந்தும் மற்ற இடங்களில் மாற்றம் மெதுவாகவே நகர்கிறது. சிகாகோ நகரம் 2024 ஜூலையில் தொடங்கி ஐந்தாண்டுகளில் படிப்படியாக இந்தக் கழிவை நீக்க முடிவு செய்தது. அதே ஆண்டு நவம்பரில் மாசசூசெட்ஸ் வாக்காளர்கள் அதே யோசனையைத் தோற்கடித்தார்கள். எதிர்த்தவர்களில் சர்வர்களும் இருந்தார்கள். வார இறுதியில் விலையுயர்ந்த உணவகத்தில் வேலை பார்ப்பவருக்கு டிப்ஸால் கிடைக்கும் வருமானம் எந்தச் சம்பள உயர்வையும் விட அதிகம். நெடுஞ்சாலையோரக் காலை உணவுக் கடையில் முட்டையும் காபியும் பரிமாறும் பெண்ணுக்கு அப்படியில்லை.

டிப்ஸ் சமையலறைக்குள் போவதில்லை என்பதும் நெடுங்காலக் குறை. மேசையில் வைத்த பணத்தில் சர்வர் ஒரு பங்கை, தட்டு எடுப்பவருக்கும் பானம் கலப்பவருக்கும் வாசலில் வரவேற்பவருக்கும் பிரித்துத் தருவார். அடுப்பில் நிற்பவருக்கும் பாத்திரம் கழுவுபவருக்கும் ஒன்றும் கிடையாது. ஊதியச் சட்டத்துக்கு 2018-ல் வந்த திருத்தம், சர்வர்களுக்கு முழு ஊதியம் தரும் உணவகங்களில் சமையல்காரர்களையும் டிப்ஸ் பங்கீட்டில் சேர்க்கலாம் என்று வழிவிட்டது. முதலாளியும் மேலாளரும் டிப்ஸில் கைவைக்கக் கூடாது என்றும் அதே திருத்தம் தெளிவாகச் சொன்னது. 2025 ஜூலையில் வந்த வரிச் சட்டம் 2025 முதல் 2028 வரையான ஆண்டுகளுக்கு, டிப்ஸ் வருமானத்தில் 25,000 டாலர் வரை வருமான வரிக் கழிவு தந்தது. சர்வரின் கைக்கு இதனால் கொஞ்சம் பணம் மிஞ்சும். 2.13-ஐ அந்தச் சட்டம் தொடவில்லை. வரி கட்டும் அளவுக்கே சம்பாதிக்காத தொழிலாளிக்கு அதனால் பயனும் இல்லை.

மேசைமேல் ஒரு சீட்டு

அமெரிக்க உணவகத்தில் கார்டை வாங்கிக்கொண்டு போகும் சர்வர், இரண்டு சீட்டும் ஒரு பேனாவும் வைத்த கறுப்பு உறையோடு திரும்பி வருவார். சீட்டில் சாப்பாட்டுத் தொகை அச்சாகியிருக்கும். அதற்குக் கீழே இரண்டு வெற்றுக் கோடுகள்: ஒன்று டிப்ஸ், இன்னொன்று கூட்டுத்தொகை. வாடிக்கையாளர் தன் கையால் எண்ணை எழுதி, கூட்டி, கையெழுத்துப் போட்டு, ஒரு பிரதியை மேசையில் விட்டுவிட்டு எழுந்து போக வேண்டும். சென்னையிலிருந்து மேற்படிப்புக்கோ வேலைக்கோ போய் இறங்கியவர் முதல் முறை தடுமாறும் இடம் இது. மிச்சக் காசை வைத்துவிட்டு வரும் நம் ஊர்ப் பழக்கம் அங்கே அவமதிப்பாகவே எடுத்துக்கொள்ளப்படும். உட்கார்ந்து சாப்பிடும் உணவகத்தில் வரிக்கு முந்தைய தொகையில் 15 சதவீதம் என்பது பழைய கணக்கு. இப்போது 18 முதல் 20 வரை எதிர்பார்க்கிறார்கள். 60 டாலருக்குச் சாப்பிட்டால் 12 டாலர் வைப்பது வழக்கம். தாமே எடுத்துக்கொள்ளும் பஃபேயில் 10 சதவீதம் போதும். பார்சல் வாங்கும்போது கட்டாயமில்லை.

ஆறு பேருக்கு மேல் சேர்ந்து போனால் பல உணவகங்கள் 18 சதவீதத்தைத் தாமே பில்லில் சேர்த்துவிடும். பில்லை ஒருமுறை மேலிருந்து கீழே படிக்காதவர்கள் அதற்கு மேல் இன்னொரு 20 சதவீதமும் எழுதிவிட்டு வருவதுண்டு. அந்த 18 சதவீதத்தை அமெரிக்க வரித் துறை டிப்ஸாகக் கருதுவதில்லை; உணவகத்தின் வருவாயாகவும், ஊழியருக்குப் பிரித்துக் கொடுத்தால் அவர் சம்பளமாகவும் கருதுகிறது. வாடிக்கையாளர் விரும்பிக் கொடுத்தால்தான் அது டிப்ஸ் என்பது அங்குள்ள அளவுகோல்.

உணவு ஆறிப்போயிருந்தாலோ உப்பு கூடியிருந்தாலோ அது சமையலறையின் குறை. அதற்காகச் சர்வரின் கூலியில் கைவைப்பது முறையல்ல. மேலாளரை அழைத்துச் சொல்வதே சரி. இந்த ஒரு விதியைப் புரிந்துகொண்டால் அமெரிக்க டிப்ஸ் நாகரிகத்தில் பாதியைப் புரிந்துகொண்டதாகும். அண்மை ஆண்டுகளில் காபிக் கடைக் கல்லாவிலும் திரையைத் திருப்பி 18, 20, 25 என்று பொத்தான்களைக் காட்டுகிறார்கள். கல்லாவில் நிற்பவருக்குப் பெரும்பாலும் 2.13 கூலி அல்ல, முழு ஊதியம் கிடைக்கிறது. எனவே அங்கே எதையும் அழுத்தாமல் வருவதில் குற்றவுணர்வு தேவையில்லை.

நல்ல சேவைக்கு நல்ல டிப்ஸா?

டிப்ஸை ஆதரிக்கும் பொருளாதார வாதம் எளிமையானது. சர்வர் எப்படிக் கவனித்தார் என்பது முதலாளியைவிட மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு நன்றாகத் தெரியும். எனவே கூலியில் ஒரு பகுதியை அவரே தீர்மானித்தால் வேலை சிறக்கும். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் லின் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். சேவை எப்படி இருந்தது என்று வாடிக்கையாளர்களையே மதிப்பிடச் சொல்லி, அவர்கள் வைத்த டிப்ஸோடு ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்தபோது, டிப்ஸின் ஏற்ற இறக்கத்தில் 2 சதவீதத்துக்கும் குறைவான பகுதிக்குத்தான் சேவையின் தரம் காரணமாக இருந்தது. தொகையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பில்லின் அளவும் ஊர் வழக்கமும்தான்.

சேவையோடு நேரடித் தொடர்பில்லாத சின்னச் செயல்கள் டிப்ஸைக் கூட்டுகின்றன. 1996-ல் வெளியான ஓர் ஆய்வில் பில்லின் பின்பக்கம் சிரிக்கும் முகம் வரைந்த பெண் சர்வர்களுக்கு அதிக டிப்ஸ் கிடைத்தது. அதையே ஆண்கள் வரைந்தபோது பலனில்லை. பில்லோடு மிட்டாய் வைத்தால் டிப்ஸ் கூடியது. ஒன்றை வைத்துவிட்டு இரண்டடி நடந்து, திரும்பி வந்து இன்னொன்றைக் கொடுத்தால் இன்னும் கூடியது. நெதர்லாந்தில் 2003-ல், வாடிக்கையாளர் சொன்ன ஆர்டரை அவர் சொற்களிலேயே திருப்பிச் சொன்ன சர்வருக்கு, வெறுமனே சரி என்றவரைவிட அதிகம் கிடைத்தது.

இவற்றைவிடக் கவலை தருவது நிறம் சார்ந்த பாகுபாடு. நியூ ஹேவன் நகரின் டாக்சி ஓட்டுநர்களைப் பற்றி 2005-ல் வெளியான ஆய்வில், கறுப்பின ஓட்டுநர்களுக்கு வெள்ளையர்களைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவாக டிப்ஸ் கிடைத்தது தெரியவந்தது. லின்னும் அவருடைய குழுவினரும் உணவகத்தில் செய்த ஆய்விலும் கறுப்பின சர்வர்களுக்குக் குறைவாகவே கிடைத்தது. குறைத்துக் கொடுத்தவர்களில் கறுப்பின வாடிக்கையாளர்களும் இருந்தார்கள். தோலின் நிறத்தைப் பார்த்துச் சம்பளத்தைக் குறைக்கும் முதலாளிமேல் வழக்குப் போடலாம். நூறு வாடிக்கையாளர்கள் ஆளுக்கு ஒரு டாலர் குறைத்தால் யார்மேல் வழக்குப் போடுவது? வருமானம் வாடிக்கையாளரின் மனநிலையைப் பொறுத்தது என்பதால், பெண் சர்வர்கள் அத்துமீறிய பேச்சையும் தொடுதலையும் சிரித்தபடி கடக்கப் பழகிக்கொள்ள நேர்கிறது. சம்பளத்தை முதலாளியிடமிருந்து பிரித்து வாடிக்கையாளர் கையில் கொடுக்கும் எந்த ஏற்பாட்டுக்கும் இந்தக் கேடு கூடவே வரும்.

டிப்ஸை ஒழிக்க முனைந்தவர்களின் அனுபவமும் படிக்கத்தக்கது. நியூயார்க்கின் புகழ்பெற்ற உணவக முதலாளி டானி மெயர் 2015-ல் தன் உணவகங்களில் டிப்ஸை நிறுத்துவதாக அறிவித்தார். சேவைக்கான செலவையும் உணவின் விலையிலேயே சேர்த்து, சமையலறை ஊழியர்களின் சம்பளத்தையும் உயர்த்துவது திட்டம். விலைப்பட்டியலில் எண்கள் பெரிதாகத் தெரிந்தன. பக்கத்துக் கடையில் விலை குறைவுபோலத் தோன்றியது. நல்ல வருமானத்துக்குப் பழகிய சர்வர்கள் பலர் டிப்ஸ் உள்ள இடங்களுக்குப் போனார்கள். 2020 ஜூலையில், பெருந்தொற்றுக்கு நடுவே, அவர் அந்த முயற்சியைக் கைவிட்டார். ஊர் முழுக்க ஒரு வழக்கம் இருக்கும்போது ஒரு கடை மட்டும் விலகி நிற்பது கடினம். சட்டம் எல்லாக் கடைக்கும் சேர்த்து மாற்றினால்தான் மாறும்.

அப்படி மாற்றிய நாடுகளும், வழக்கத்தாலேயே வேறுபட்டு நிற்கும் நாடுகளும் உண்டு. பிரான்சில் 1987 முதல் சேவைக் கட்டணத்தையும் உள்ளடக்கிய விலையைத்தான் பட்டியலில் போட வேண்டும். மேசையில் சில காசுகள் வைப்பது விருப்பம். ஜெர்மனியில் பில்லை அடுத்த முழு எண்ணுக்கு உயர்த்திக் கொடுப்பார்கள். ஜப்பானில் உணவகத்தில் டிப்ஸ் கிடையாது; மேசையில் பணத்தை விட்டுவந்தால் மறந்துவிட்டீர்கள் என்று எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடிவருவார்கள். சிங்கப்பூர் உணவகங்களில் 10 சதவீதச் சேவைக் கட்டணம் பரவலாக உண்டு. அதற்கு மேல் எதிர்பார்ப்பதில்லை. இலங்கையில் ஹோட்டல்களும் பெரிய உணவகங்களும் 10 சதவீதம் சேர்க்கின்றன. அதிலிருந்து வரும் பங்கு அங்குள்ள ஹோட்டல் ஊழியரின் வருமானத்தில் முக்கியமான பகுதி. பிரிட்டனில் டிப்ஸ் முழுவதையும் எந்தப் பிடித்தமும் இன்றி ஊழியர்களுக்கே நியாயமாகப் பிரித்துத் தர வேண்டும் என்ற சட்டம் 2024 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கிறது.

இந்தியப் பில்லின் பத்துச் சதவீதம்

இந்தியச் சட்டத்தில் டிப்ஸைச் சம்பளத்தில் கழித்துக்கொள்ளும் சலுகை கிடையாது. ஊழியர்களின் பஞ்சப்படி குறித்த ஜெய்ப்பூர் ராம்பாக் பேலஸ் ஹோட்டல் வழக்கில், டிப்ஸைச் சம்பளத்தின் பகுதியாகக் கொள்ள முடியாது என்ற கருத்தை உச்ச நீதிமன்றம் 1976-லேயே எடுத்தது. கார்டு மூலம் வரும் டிப்ஸை ஹோட்டல் வாங்கி ஊழியர்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் அதற்குச் சம்பளம்போல வருமான வரி பிடிக்க வேண்டுமா என்ற கேள்வி ஐடிசி நிறுவனத்தின் வழக்கில் வந்தது. வாடிக்கையாளர் கொடுத்த பணத்தை ஹோட்டல் கைமாற்றி மட்டுமே விடுகிறது, அது முதலாளி கொடுக்கும் சம்பளம் அல்ல, எனவே வரி பிடிக்கத் தேவையில்லை என்று 2016 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இங்கே தகராறு டிப்ஸில் இல்லை, அதன் இடத்தைப் பிடிக்க வந்த சேவைக் கட்டணத்தில். பெரிய உணவகங்கள் பில்லில் 5 முதல் 10 சதவீதம் வரை அதைச் சேர்த்துவந்தன. பலர் அதை அரசு வரி என்று நினைத்தே கட்டினார்கள். 1,000 ரூபாய்க்குச் சாப்பிட்டவருக்கு 5 சதவீத ஜிஎஸ்டியோடு 1,050 ஆக வேண்டும். 10 சதவீதச் சேவைக் கட்டணத்தைச் சேர்த்து, அந்த 1,100-க்கும் ஜிஎஸ்டி போட்டால் 1,155 ஆகிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று இதைத் தடுக்க வழிகாட்டு விதிகளை வெளியிட்டது: சேவைக் கட்டணத்தைத் தானாகச் சேர்க்கக் கூடாது, வேறு பெயரில் வாங்கக் கூடாது, கட்ட மறுப்பவரை உள்ளே விடாமல் தடுக்கக் கூடாது. உணவகச் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய் அதே மாதம் தடை வாங்கின. 2025 மார்ச் 28 அன்று நீதிபதி பிரதிபா எம். சிங் அந்த மனுக்களைத் தள்ளுபடி செய்து, விதிகள் செல்லும் என்றார். சங்கங்கள் மேல்முறையீடு செய்தன.

அந்தச் சங்கங்களின் வாதத்தில் ஒன்று, சேவைக் கட்டணம் சமையலறை ஊழியர் உட்பட எல்லோருக்கும் பிரித்துத் தரப்படுகிறது என்பது. நேர்மையாக நடத்தும் முதலாளியின் கடையில் அது உண்மையாக இருக்கலாம். வாடிக்கையாளருக்கு அதைச் சரிபார்க்க வழியில்லை. ஊழியர் நலனுக்குத்தான் அந்தப் பணம் என்றால் அதை உணவின் விலையில் சேர்த்து, சம்பளமாகக் கொடுப்பதற்கு யாரும் தடை சொல்லவில்லை.

வாடிக்கையாளர் பணம் முதலாளியின் செலவைக் குறைக்கப் போகும் ஆபத்து வீட்டுக்கு உணவு கொண்டுவரும் செயலிகளிலும் இருக்கிறது. அமெரிக்காவின் டோர்டாஷ் நிறுவனம், ஒவ்வொரு ஆர்டருக்கும் ஓட்டுநருக்கு உறுதியளித்த தொகையை டிப்ஸைக் கொண்டே நிரப்பிவந்தது. டிப்ஸ் கூடினால் நிறுவனம் கொடுப்பது குறைந்தது. 2019-ல் எழுந்த எதிர்ப்பால் அந்த முறையை மாற்றியது. அதற்காக நியூயார்க் மாநிலத்தோடு 2025 பிப்ரவரியில் 1.675 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. செயலியில் டிப்ஸ் பொத்தானை அழுத்துவதைவிட, வாசலுக்கு வரும் தம்பியின் கையில் கொடுப்பது நிச்சயமானது.

தமிழ்நாட்டுச் சாப்பாட்டுக் கடையில்

தமிழ்நாட்டில் டிப்ஸுக்குச் சதவீதக் கணக்கு வேரூன்றவில்லை. சின்ன எவர்சில்வர் தட்டில் சோம்பும் கல்கண்டும் பில்லும் வரும். பணத்தை வைத்தால் மிச்சச் சில்லறை அதே தட்டில் திரும்பும். அதில் பத்தோ இருபதோ விட்டுவிட்டு எழுவது டிபன் கடை வழக்கம். ஏசி ஹாலில் பில்லில் 5 முதல் 10 சதவீதம் வைப்பவர்கள் உண்டு. டோக்கன் வாங்கி நின்றுகொண்டு சாப்பிடும் இடத்தில் யாரும் எதிர்பார்ப்பதில்லை. பில்லில் சேவைக் கட்டணம் போட்டிருந்து அதைக் கட்டியும் விட்டால், மேற்கொண்டு வைக்கத் தேவையில்லை.

இலைச் சாப்பாட்டுக் கடையில் ஒருவருக்குப் பின்னால் பலரின் உழைப்பு இருக்கிறது. வாளியோடு வந்து சாம்பாரும் ரசமும் ஊற்றி, இன்னும் கொஞ்சம் சாதம் போடவா என்று கேட்பவர் சப்ளையர். சாப்பிட்டு எழுந்தபின் இலையை எடுத்து மேசையைத் துடைப்பவர் வேறொருவர். பெரும்பாலும் வயதான பெண்மணி, அல்லது ஒடிசாவிலிருந்தோ பிகாரிலிருந்தோ வந்த இளைஞர். டிப்ஸ் முன்னவருக்குப் போகிறது, பின்னவருக்குப் போவதில்லை. அமெரிக்காவைப் போல இங்கே சமையலறை கடைசி வரிசையில் இல்லை; பரோட்டா மாஸ்டரின் தினக்கூலி சப்ளையரின் கூலியைவிட அதிகம். கடைசி வரிசையில் நிற்பவர்கள் இலை எடுப்பவரும் பாத்திரம் கழுவுபவரும்தான். டிப்ஸ் கொடுக்க மனமிருப்பவர் பத்து ரூபாயை இலை எடுப்பவர் கையிலும் தனியாகக் கொடுப்பது நல்லது.

எப்படிக் கொடுப்பது என்பதிலும் மரியாதை இருக்கிறது. கை சொடுக்கி அழைத்து, ஒருமையில் பேசி, போகும்போது நூறு ரூபாயை வீசிவிட்டுப் போவதைவிட, அண்ணா, தம்பி என்று அழைத்து இருபது ரூபாயைக் கையில் கொடுப்பதையே வாங்குபவர் விரும்புவார். கூடுதல் கவனிப்பை எதிர்பார்த்து முதலிலேயே பணம் கொடுப்பது பக்கத்து மேசைக்காரருக்குச் செய்யும் அநீதி.

யுபிஐ வந்தபின் சில்லறை என்பதே மேசையிலிருந்து மறைந்துவருகிறது. 187 ரூபாய் பில்லுக்கு 200 கொடுத்து, 13 ரூபாயை விட்டுவந்த காலத்தில் டிப்ஸ் யோசிக்காமலே நடந்தது. இப்போது போனில் 187 மட்டும் போகிறது. கல்லாவில் ஒட்டியிருக்கும் கியூஆர் கோடு முதலாளியின் கணக்கு. அதில் 200 அனுப்பினாலும் 13 ரூபாய் சப்ளையருக்குப் போகும் என்று சொல்ல முடியாது. பில்லைப் போனில் கட்டுபவர்கள் டிப்ஸுக்கென்று சட்டைப் பையில் இரண்டு மூன்று பத்து ரூபாய்த் தாள்களாவது வைத்திருக்க வேண்டும். சேவைக் கட்டணத்தை நீக்க மறுக்கும் உணவகத்தைப் பற்றி 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

வாடிக்கையாளர் செய்யக்கூடியது இவ்வளவுதான். மீதி முதலாளியின் கடமை. தமிழ்நாட்டில் ஹோட்டல், உணவகத் தொழிலாளர்களுக்கு அரசு குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயித்திருக்கிறது. சப்ளையர், கிளீனர், மாஸ்டர் எல்லோருக்கும் அது பொருந்தும். டிப்ஸ் கிடைக்கிறதே என்று காரணம் காட்டி அதில் ஒரு ரூபாயைக்கூடக் குறைக்க எந்த முதலாளிக்கும் உரிமை கிடையாது.